முதலில் ஓய்வு, பிறகு உணவு: விமான நிலைய லவுஞ்ச் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவின் பன்னாட்டு விமான முனையங்களில் லவுஞ்ச் எனப்படும் காத்திருப்புக் கூடங்களை நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவர்களுக்கு இடத்தைக் குத்தகைக்கு விடும் விமான நிலைய நிர்வாகங்களுக்கும்,

வணக்கம்.

சென்னையிலிருந்து லண்டனுக்கும் பிராங்க்பர்ட்டுக்கும் நேரே பறப்பவர்கள், துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறி அமெரிக்கா வரை போகிறவர்கள், பேரக்குழந்தையைப் பார்க்க முதல்முறையாகக் கடல் கடக்கும் பெற்றோர் ஆகியோர், விமானம் ஏறுவதற்கு முந்தைய சில மணி நேரத்தை உங்கள் லவுஞ்சுகளில் எப்படிக் கழிக்கிறார்கள் என்பதைப் பற்றியது இந்த மடல். சாம்பாரில் உப்பு குறைந்தது, காபி ஆறிப்போயிருந்தது என்ற வகைக் குறைகளை உங்கள் கருத்துப் படிவங்களில் போதுமான பேர் எழுதுகிறார்கள். அவற்றை நான் இங்கே சேர்க்கப்போவதில்லை. பத்து மணி நேரமும் அதற்கு மேலும் பறக்கப்போகிறவருக்கு லவுஞ்சில் முதலில் வேண்டியது ஓய்வு, அதற்குப் பிறகே உணவு. நீங்களோ உணவை நடுவில் வைத்து, எஞ்சிய இடத்தில் நாற்காலி போட்டிருக்கிறீர்கள். இந்த வரிசையை மாற்றுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

உங்கள் வாசலில் வந்து நிற்கும் பயணி எந்த நிலையில் வருகிறார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். சென்னையிலிருந்து கிளம்பும் நெடுந்தூர விமானங்களில் பெரும்பாலானவை இரவு பத்து மணிக்கும் விடியலுக்கும் இடையில் புறப்படுகின்றன. அவற்றில் ஏறுகிறவர்கள் எல்லோரும் சென்னைக்காரர்கள் அல்லர். கும்பகோணத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ காரில் வருகிறவர் மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறார். செங்கல்பட்டு தாண்டியபின் நெரிசல் எப்படி இருக்குமோ என்ற பயத்தில் இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து சேர்கிறார். கவுன்ட்டர் திறக்கக் காத்திருந்து, பெட்டி 23 கிலோவைத் தாண்டிவிட்டதென்று அங்கேயே தரையில் அதைத் திறந்து, பருப்புப் பொடியையும் வடகத்தையும் கைப்பைக்கு மாற்றி, குடியேற்றச் சோதனையிலும் பாதுகாப்புச் சோதனையிலும் வரிசை நின்று, கைப்பைக்கு மாற்றிய ஊறுகாய் பாட்டிலை 100 மில்லிலிட்டர் விதியால் அங்கே விட்டுவிட்டு, அவர் லவுஞ்ச் வாசலுக்கு வரும்போது நள்ளிரவு ஆகிவிடுகிறது. காலையில் எழுந்தவர் இன்னும் கால் நீட்டியிருக்க மாட்டார்.

இதற்குப் பிறகு அவருக்குக் காத்திருப்பது என்ன? பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்கு இணையாக வைக்கப்படுகிறது. அதாவது கொடைக்கானல், ஊட்டி உயரத்தில் இரவு முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது. காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 விழுக்காட்டுக்கும் கீழே இருப்பதால் தொண்டையும் கண்ணும் வறண்டுபோகின்றன. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் கால்களின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நலமாக இருப்பவர்களில் அது ஏறத்தாழ ஆறாயிரத்தில் ஒருவருக்கே நேர்கிறது என்பதால் யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் முதியவர்கள், கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். ஆகவே, விமானம் ஏறும் முன் நிறையத் தண்ணீர் குடிப்பதும், சற்று நடப்பதும், காலை உயர்த்தி நீட்டுவதும், முடிந்தால் ஒரு மணி நேரம் கண்ணயர்வதும் வசதிக்கான ஆசைகள் அல்ல, பயணத்துக்கான ஆயத்தங்கள்.

இந்த ஆயத்தங்களுக்கு உங்கள் கூடங்கள் எவ்வளவு இடம் கொடுக்கின்றன? நுழைந்ததும் கண்ணில் படுவது பஃபே மேசை. அதைச் சுற்றி நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதற்கான நாற்காலிகள். அவற்றைத் தாண்டி, கைப்பிடி வைத்த ஒற்றைச் சோபாக்கள் நெருக்கமாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். அதில் உட்காரலாம், சாய முடியாது. விளக்குகள் நள்ளிரவு ஒரு மணிக்கும் துணிக்கடையைப் போல எரிகின்றன. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் சின்னஞ்சிறு காகிதக் கோப்பையில் கிடைக்கிறது, சில இடங்களில் சொந்த பாட்டிலை நிரப்பினால் "வெளியே எடுத்துப் போகக் கூடாது" என்ற பலகையைக் காட்டுகிறார்கள். சாய்ந்து படுக்கும் இருக்கைகள் கொண்ட ஒதுக்குப்புறம் இருந்தால், அது கூடத்தின் ஆறில் ஒரு பங்காகக்கூட இராது. எல்லா லவுஞ்சுகளும் இப்படி என்று சொல்லமாட்டேன். விமான நிறுவனங்கள் தம் பிசினஸ் வகுப்புப் பயணிகளுக்காகத் தாமே நடத்தும் கூடங்கள் சில நன்றாகவே இருக்கின்றன. நான் பேசுவது எக்கானமி வகுப்புப் பயணி கிரெடிட் கார்டைக் காட்டியோ பணம் கட்டியோ நுழையும் பொது லவுஞ்சுகளைப் பற்றி.

இந்த அமைப்பு தற்செயலாக வந்ததில்லை. பணம் வரும் பாதையைப் பார்த்தால் காரணம் விளங்குகிறது. 1939-இல் நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் அட்மிரல்ஸ் கிளப் என்ற லவுஞ்சைத் தொடங்கியபோது, அழைக்கப்பட்ட முக்கியப் புள்ளிகளுக்கு மட்டுமே அங்கே இடம் இருந்தது. அந்தப் பாகுபாட்டை யாரும் இன்று விரும்பமாட்டோம். ஆனால் விருந்தினர் எந்த விமானத்துக்குப் போகிறார், எத்தனை மணி நேரம் காத்திருக்கப்போகிறார் என்பது கூடத்தை நடத்தியவருக்குத் தெரிந்திருந்தது, ஏனெனில் கூடமும் விமானமும் ஒரே நிறுவனத்துடையவை. 1992-இல் பிரையாரிட்டி பாஸ் வந்தபின், எந்த நிறுவனத்தின் விமானத்தில் போகிறவரும் ஓர் அட்டையைக் காட்டி நுழையலாம் என்றாயிற்று. இந்தியாவில் அதே வேலையைக் கிரெடிட் கார்டுகளும் ரூபே டெபிட் கார்டுகளும் எடுத்துக்கொண்டன. பயணி கார்டைத் தேய்க்கும்போது அவர் கணக்கிலிருந்து பெரும்பாலும் 2 ரூபாய் போன்ற ஒரு சிறு தொகை மட்டும் கழிகிறது; உண்மையான கட்டணத்தை வங்கியோ கார்டு நெட்வொர்க்கோ இடையிலுள்ள ஒரு நிறுவனத்தின் வழியாகத் தலைக்கு இவ்வளவு என்று உங்களுக்குச் செலுத்துகிறது.

தலைக்கு இவ்வளவு என்று பணம் வரும் இடத்தில், ஒருவர் மூன்று மணி நேரம் கண்ணயர்ந்து கிடப்பதைக் காட்டிலும், அதே இருக்கையில் மூன்று பேர் மாறி மாறிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவது உங்களுக்கு லாபம். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நிற்பதைப் போல, நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு உங்கள் சோபாக்களுக்குப் பின்னால் ஆட்கள் தட்டோடு நிற்கிறார்கள். நிற்கிறவர்மீதும் குற்றமில்லை, பரிமாறும் இளைஞர்கள்மீதும் குற்றமில்லை. அவர்கள் உறங்க வேண்டிய நேரத்தில் பம்பரமாகச் சுழல்கிறார்கள். பயணியின் ஓய்வை எங்குமே அளக்காத ஓர் ஒப்பந்தம்தான் இதற்குக் காரணம்.

அந்த ஒப்பந்தத்தில் பயணி ஒரு தரப்பே இல்லை என்பதை அண்மைய மாற்றங்கள் காட்டிவிட்டன. கூட்டம் தாங்காமல் வங்கிகள் செலவு வரம்புகளை வைத்தன. ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரலில், முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவழித்தவர்களுக்கே பல கார்டுகளில் லவுஞ்ச் என்றது, அதே ஆண்டு நவம்பரில் அதை 75,000 ஆக்கியது. 2025 செப்டம்பரில், வங்கிகளுக்கும் லவுஞ்சுகளுக்கும் இடையில் நின்ற ட்ரீம்ஃபோக்ஸ் நிறுவனம் தன் உள்நாட்டு லவுஞ்ச் சேவையை நிறுத்திக்கொண்டது. வணிகக் காரணங்கள் அவரவருக்கு இருக்கும். ஆனால் பயணியின் பக்கத்திலிருந்து பார்த்தால், நேற்று வேலை செய்த அட்டை இன்று வேலை செய்யவில்லை என்பது மட்டுமே தெரிகிறது. இதில் பன்னாட்டு முனையத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு: பல கார்டுகளின் "இலவச லவுஞ்ச்" உள்நாட்டு முனையத்துக்கு மட்டுமே உரியது, வங்கி தரும் பிரையாரிட்டி பாஸோ பல சமயம் இந்தியாவுக்கு வெளியேதான் இலவசம், இங்கே தேய்த்தால் டாலர் கணக்கில் கட்டணம் பின்னால் வந்து சேரும். குடியேற்ற முத்திரை விழுந்தபின், திரும்பிப் போக வழியில்லாத இடத்தில், நள்ளிரவில், இரண்டு முதியவர்களை அருகில் வைத்துக்கொண்டு இதைத் தெரிந்துகொள்வது யாருக்கும் இனிப்பான செய்தி அன்று. எந்தக் கார்டு செல்லும், செல்லாவிட்டால் கட்டணம் எவ்வளவு, இப்போது உள்ளே இடம் இருக்கிறதா என்ற மூன்றையும் உங்கள் இணையதளத்திலும் செக்-இன் கவுன்ட்டர் அருகிலும் தமிழில் எழுதிவைக்கப் பெரிய முதலீடு எதுவும் தேவைப்படாது. வங்கிகளுக்கும் இதில் பங்கு உண்டு; கார்டு விதிகளை மாற்றுவதற்கு ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறை கூறுகிறது, சொல்லியும் விடுகிறார்கள், ஆனால் அந்த மின்னஞ்சலை விமானச் சீட்டு வாங்கியவர் படித்திருக்கிறாரா என்பதை யாரும் கவனிப்பதில்லை.

அடுத்தது நேர வரம்பு. பெரும்பாலான பொது லவுஞ்சுகளில் தங்கும் நேரம் இரண்டு அல்லது மூன்று மணி நேரம். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் பறப்பவருக்கு அது தாராளம். நெடுந்தூரப் பயணிக்கு, கவுன்ட்டர் திறந்ததும் முதல் ஆளாக முடித்துக்கொண்டு வந்தவருக்கு, அது விமான நேரத்துக்கு முன்பே தீர்ந்துவிடும்; இது பொறுத்துக்கொள்ளத்தக்கதே. பொறுக்க முடியாதது தாமதத்தின்போது நடப்பது. விமானம் இரண்டு மணிக்குப் புறப்படும் என்று எண்ணி பதினொன்றரைக்கு உள்ளே வந்தவரிடம், விமானம் ஐந்து மணிக்குத்தான் என்று அறிவிப்பு வந்த பிறகும், "உங்கள் நேரம் முடிந்துவிட்டது, தொடர வேண்டுமானால் மறுபடி கார்டைத் தேய்க்க வேண்டும்" என்று சொல்லப்படுகிறது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதிப்படி, ஐந்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பறப்பு நான்கு மணி நேரம் தாமதமானால்தான் விமான நிறுவனம் உணவும் சிற்றுண்டியும் தரக் கடமைப்பட்டது. ஆக, லவுஞ்சின் நேரம் தீர்ந்துபோய், விமான நிறுவனத்தின் கடமை இன்னும் தொடங்காத ஓர் இடைவெளி உருவாகிறது. மூன்று மணி நேரத் தாமதம் முழுவதும் அந்த இடைவெளிக்குள் விழுந்துவிடுகிறது. அந்த நேரத்தில்தான் பயணிக்கு இருக்கை மிகுதியாகத் தேவைப்படுகிறது.

போர்டிங் பாஸை நீங்கள் ஸ்கேன் செய்கிறீர்கள்; விமான எண் உங்கள் திரையில் இருக்கிறது; அந்த விமானத்தின் நிலை பக்கத்துச் சுவரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. தங்கும் நேரத்தை நுழைந்த நேரத்திலிருந்து கணக்கிடாமல், விமானம் உண்மையில் புறப்படும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது தொழில்நுட்பத்தால் இன்றைக்கே ஆகக்கூடியது. புறப்படுவதற்கு முந்தைய மூன்று மணி நேரம் பயணியுடையது என்று வைத்துக்கொண்டால், விமானம் தள்ளிப்போகும்போது அந்த மூன்று மணி நேரமும் தானாகவே நீளும். கூடுதல் செலவை விமான நிறுவனத்திடம் பெறுவதா, வங்கியிடம் பெறுவதா என்பதை நீங்கள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அந்தப் பேச்சை நள்ளிரவில் எழுபது வயதுக்காரரிடம் நடத்தக் கூடாது.

முதியவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க முடியாது, ஏனெனில் நம் ஊர் நெடுந்தூர விமானங்களில் அவர்கள் சிறுபான்மையினர் அல்லர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்துகொண்டே சீட்டும் சக்கர நாற்காலியும் பதிவு செய்து, லவுஞ்சுக்கும் பணம் கட்டிவிடுகிறார்கள். உதவியாளர் சக்கர நாற்காலியைத் தள்ளிவந்து லவுஞ்சின் ஓரத்தில் விட்டு, "நேரம் ஆனதும் வந்து கூட்டிப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்துவரப் போகிறார். அதற்குப் பிறகு அவர்களுக்கு எந்தச் செய்தியும் எட்டுவதில்லை. இந்தியாவின் பல பெரிய விமான நிலையங்கள் ஒலிபெருக்கி அறிவிப்புகளைக் குறைத்துக்கொண்ட அமைதி நிலையங்கள் ஆகிவிட்டன. காதுக்கு அது நல்லதே, நானும் வரவேற்கிறேன். ஆனால் ஒலியை நீக்கிய இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். தென்னகத்து விமான நிலையம் ஒன்றின் லவுஞ்சில், தஞ்சாவூர்ப் பக்கத்து வயதான தம்பதியர் தம் கேட் மாறியதை அறியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். திரை ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தது. அதில் ஓடியது ஆங்கிலமும் இந்தியும். மேசை துடைத்துக்கொண்டிருந்த பணியாளர் அம்மா ஒருவர், "எந்த ஊருக்கும்மா போறீங்க?" என்று தாமாகக் கேட்டு, அவர்களுடைய போர்டிங் பாஸை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் விசாரித்ததால்தான் அவர்கள் விமானத்தைப் பிடித்தார்கள். அவருடைய வேலைப் பட்டியலில் அது இருந்திருக்காது.

அதை யாருடைய வேலைப் பட்டியலிலாவது சேருங்கள் என்பது என் கோரிக்கை. இரவு வேளையில் ஒருவர், தமிழும் ஆங்கிலமும் இந்தியும் தெரிந்தவர், பயணிகளின் விமான எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, கேட் திறந்ததும் இருக்கைக்கே வந்து மெல்லச் சொல்லிவிட்டுப் போனால் போதும். நுழையும்போது கைப்பேசி எண்ணை வாங்கிக்கொள்கிறீர்கள். அந்த எண்ணுக்குச் சலுகை விளம்பரம் வருகிறது, கேட் மாற்றம் வருவதில்லை. சக்கர நாற்காலிப் பயணியை விட்டுச்செல்லும் உதவியாளரின் பெயரும் திரும்பி வரும் நேரமும் உங்கள் வரவேற்பு மேசையில் எழுதப்பட்டால், அவர் வராதபோது யாரை அழைப்பது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது என்று தெரிந்தால்தான் ஒருவரால் கண்ணை மூட முடியும். விமானத்தைத் தவறவிடுவோமோ என்ற பயத்தோடு சாய்வு நாற்காலியில் கிடப்பவருக்கு எவ்வளவு நல்ல நாற்காலியும் உறக்கம் தராது.

உணவைப் பற்றிச் சுருக்கமாக. நள்ளிரவில் உங்கள் மேசையில் பிரியாணி, நூடுல்ஸ், பன்னீர்க் குழம்பு, இரண்டு வகை இனிப்பு எல்லாம் இருக்கின்றன. விமானம் கிளம்பிய ஒரு மணி நேரத்தில் அங்கேயும் ஒரு முழுச் சாப்பாடு வரும். இரண்டையும் வயிற்றில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதன் விளைவை நான் விளக்க வேண்டியதில்லை. பதினொரு மணிக்குப் பிறகு பதார்த்தங்களைக் குறைத்து, இட்லி, ரசம் சாதம், தயிர்சாதம், வாழைப்பழம், வெந்நீர் என்று வைத்தால் உங்கள் செலவும் குறையும், பயணியின் வயிறும் வாழ்த்தும். சைவம், அசைவம் என்ற அடையாளமும் தனித்தனிக் கரண்டியும் கூட்டம் கூடும் நேரத்திலும் மாறாமல் இருக்கட்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு எதில் சர்க்கரை இருக்கிறது என்று எழுதிவையுங்கள். பாட்டிலில் தண்ணீர் நிரப்ப ஒரு குழாய் வையுங்கள், தடைப் பலகையை எடுத்துவிடுங்கள். பாதுகாப்புச் சோதனைக்குப் பிறகு நிரப்பும் தண்ணீரை விமானத்துக்குள் கொண்டுபோகலாம் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. மதுவைப் பற்றி ஒரே வரி: அது உடலின் நீரை வற்றவைக்கும் என்று குடிக்க வருகிறவருக்கும் தெரியும், அவரவர் பொறுப்பு.

உணவில் மிச்சமாகும் இடத்தையும் பணத்தையும் ஓய்வுக்குத் திருப்புங்கள். கூடத்தின் மூன்றில் ஒரு பங்கையாவது, விளக்கைத் தணித்து, தொலைக்காட்சி இல்லாமல், கைப்பேசியில் பேசுவதற்குத் தடையோடு, காலை நீட்டிச் சாயும் இருக்கைகளுக்கு ஒதுக்குங்கள். அவற்றில் ஒரு பகுதி பெண்களுக்கென்று இருக்கட்டும். தனியாகப் பயணிக்கும் பெண் அறிமுகமில்லாதவர்களின் நடுவே கண்ணயரத் தயங்குவார் என்பதை நாம் அறிவோம். தோஹாவின் ஹமத் விமான நிலையத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே சாய்வு இருக்கைகளுடன் அமைதி அறைகள் இருக்கின்றன, அதுவும் லவுஞ்சுக்கு வெளியே, கட்டணமில்லாமல். ஒவ்வொரு இருக்கைக்கும் வேலை செய்யும் பிளக் பாயின்ட் ஒன்று வேண்டும். கைப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உறங்க முடியாதவர்களுக்குப் பூட்டும் சிறு அலமாரி வேண்டும். குளிக்கும் அறை இருந்தால் அதில் வெந்நீரும் உலர்ந்த துண்டும் இருக்கட்டும், முன்பதிவுச் சீட்டு முறையும் இருக்கட்டும். காலை முதல் வியர்த்த உடலோடு பத்து மணி நேரம் உட்காரப்போகிறவருக்கு, குளித்து மாற்றுச் சட்டை போட்டுக்கொள்வதற்கு ஈடாக எந்த இனிப்பும் இல்லை. என்னைக் கேட்டால், முழு பஃபேயையும் விட்டுக்கொடுத்து ஒரு குளியலை வாங்கிக்கொள்வேன்.

விமான நிலைய நிர்வாகங்களுக்கு இனி. லவுஞ்சுக்கு டெண்டர் விடுகிறவர்கள் நீங்கள். மிகுதியான வருவாய்ப் பங்கைத் தருகிறவருக்கே இடம் என்று விதி வைத்தால், அந்தப் பங்கைத் திரட்ட அவர் தலைகளைத்தான் பெருக்குவார். லவுஞ்ச், கடை, வாகன நிறுத்தம் போன்றவற்றின் வருவாயில் 30 விழுக்காட்டைக் கணக்கில் கொண்டு பயணிகளிடம் வாங்கும் விமான நிலையக் கட்டணங்களைக் குறைக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை. அதனால் லவுஞ்ச் வருவாய் உயர்வது பயணிக்கும் நன்மை என்று நீங்கள் சொல்லக்கூடும். அதை மறுக்கவில்லை. ஆனால் சீட்டில் சில ரூபாய் குறைவதை எந்தப் பயணியும் உணர்வதில்லை, இரவு இரண்டு மணிக்கு உட்கார இடமில்லாததை எல்லோரும் உணர்கிறார்கள். டெண்டர் நிபந்தனைகளில் ஒரே நேரத்தில் அனுமதிக்கத்தக்க ஆட்களின் எண்ணிக்கை, சாயும் இருக்கைகளின் விகிதம், தாமதத்தின்போது நேர நீட்டிப்பு ஆகியவற்றைச் சேர்த்து, மீறினால் அபராதம் என்று எழுதுங்கள். நிரம்பிய கூடத்துக்குள் இன்னும் ஆட்களை விடுவதைவிட, வாசலிலேயே "நாற்பது நிமிடம் கழித்து இடம் வரும்" என்று நேர்மையாகச் சொல்லி எண் கொடுப்பது மரியாதையானது.

இன்னொன்றும் உங்கள் கையில்தான் இருக்கிறது, லவுஞ்ச் நிறுவனங்களின் கையில் இல்லை. லவுஞ்சில் கூட்டம் பெருகுவதற்கு ஒரு காரணம், அதற்கு வெளியே ஓய்வுக்கான இடமே இல்லாதது. 2023 ஏப்ரலில் சென்னையில் திறந்துவைக்கப்பட்ட புதிய ஒருங்கிணைந்த முனையம் கோலங்களும் கோயில் வடிவங்களுமாகக் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. அத்தகைய முனையங்களில் வரிசை வரிசையாகக் கைப்பிடி வைத்த உலோக இருக்கைகளுக்கு நடுவே, கால் நீட்டும் இருக்கைகளுக்கும் ஒரு மூலையை ஒதுக்க முடியாதா? சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் யாரும் கட்டணமின்றிச் சாய்ந்து உறங்கும் பகுதிகள் முனையங்களுக்குள்ளேயே இருக்கின்றன. சியோலின் இன்ச்சியோனிலும் அப்படியே. அவை பணக்கார நாடுகள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். விமான நிலையத்தில் தேநீர் 10 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று சில ஆண்டுகளுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் திறக்கப்பட்ட உடான் யாத்ரி கஃபேயில் தேநீரும் தண்ணீர் பாட்டிலும் அந்த விலைக்குத்தான் விற்கப்படுகின்றன. நிர்வாகம் மனம் வைத்ததால் நடந்தது அது. தேநீருக்கு வைத்த மனத்தைச் சாய்வு நாற்காலிக்கும் வைக்கலாம். கார்டும் இல்லாமல் லவுஞ்சுக்குப் பணம் கொடுக்கவும் இயலாமல் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் இளைஞன் கைப்பையைத் தலைக்கு வைத்துத் தரையில் படுப்பதை அது நிறுத்தும். அவனுக்கும் பயண அலுப்பு அதே அலுப்புத்தான். விமான நிலையத்தின் பயனர் மேம்பாட்டுக் கட்டணத்தை அவனும் சீட்டோடு சேர்த்துக் கட்டியிருக்கிறான்.

பயணிகளாகிய எங்கள் பக்கத்துக் குறைகளையும் நீங்கள் சுட்டிக்காட்டலாம். மூன்று இருக்கைகளில் பைகளைப் பரப்புவது, ஸ்பீக்கரைப் போட்டு வீடியோ காலில் ஊருக்கே கேட்கும்படி விடைபெறுவது, தட்டில் மலைபோல் குவித்துப் பாதியை வீணாக்குவது எல்லாம் நடக்கின்றன. அமைதிப் பகுதி என்று ஒன்று இருந்து, அதன் விதியை ஒருவர் கனிவாகச் சொல்லவும் செய்தால், நம் மக்கள் கேட்டுக்கொள்வார்கள் என்றே நினைக்கிறேன். ஓடும் இரயிலில் இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துப் பழகியவர்கள்தானே நாம்.

மேலே கேட்டவற்றுள் நேர நீட்டிப்பு, கேட் தகவல், தண்ணீர்க் குழாய், தமிழ் அறிவிப்பு ஆகிய நான்கும் புதிய கட்டடமோ புதிய டெண்டரோ இல்லாமல் இந்த மாதமே செய்யக்கூடியவை. அவற்றை உடனே தொடங்குங்கள். இருக்கை அமைப்பும் கட்டணமில்லா ஓய்வுப் பகுதியும் அடுத்த குத்தகை புதுப்பிக்கப்படும்போது நிபந்தனைகளாக வரட்டும். அந்த நிபந்தனைகளின் வரைவை முடிவு செய்வதற்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, நள்ளிரவு விமானங்களில் பறக்கிறவர்களிடமும், சக்கர நாற்காலி தள்ளுகிறவர்களிடமும், உங்கள் கூடங்களில் இரவுப் பணி பார்க்கிறவர்களிடமும் கருத்துக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து நெடுந்தூர விமானம் ஏறும் பயணிகளுள் ஒருவர்